ஒரிஜினல் மாத்திரை

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் வேலையே குறை சொல்வதுதான். சம்பளமும் கொடுத்துக் குறையும் சொல்லச் சொன்னால் யாருக்குக் கசக்கும்? ஓசூர் தொழிற்பேட்டையில் மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் எஞ்சின் வால்வு செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவர் இன்ஸ்பெக்டர். செய்து முடித்த வால்வை அளவுக் கருவியில் வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒரு தட்டு. மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் அதன் தலையில் சிவப்பு பெயிண்ட் தொட்டு இன்னொரு தட்டு. எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி நாகரசம்பட்டியிலிருந்து நான் ஓசூருக்கு வந்தபோது, அந்தச் சிவப்பு பெயிண்ட் வேலை முடிந்ததும் அவரோடு வீட்டுக்கும் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டுவார். என் அப்பா தோப்பிலிருந்து கூடை கட்டி அனுப்பும் மாம்பழத்தைக்கூட முகர்ந்து, அழுத்தி, வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பார். பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்லமாட்டார். தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். "அதுக்கும் சிவப்பு அடிச்சாச்சா?" என்று கேட்பேன். சிரிப்பார். ஆனால் தள்ளியதைத் திரும்ப எடுக்கமாட்டார்.

அப்போதெல்லாம் ஓசூரில் தமிழ்க்காரர், தெலுங்குக்காரர், கன்னடக்காரர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டு என்றால், அது 'ஒரிஜினல்'. மெக்கானிக் கடையில் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று கேட்காமல் ஒரு திருகாணிகூட வாங்கமாட்டார்கள். பெட்டியில் பெரிய கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தால் ஒரிஜினல். வெறும் பழுப்புப் பெட்டியில் வந்தால் அது ஏதோ தப்பிப் பிறந்த பிள்ளை மாதிரி ஒரு பார்வை. என் வீட்டுக்காரர் இந்த மதத்தில் பூசாரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பு பார்த்தார்கள். இவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர் அதை ஏதோ விருது வாங்கிய மாதிரி சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார். எனக்குக் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் அவருடைய அண்ணனுக்கு, ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரிக் காட்டில் கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது, இடது கை விழுந்து வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. கொதிப்பு இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. இவர் பதறிப்போய் அண்ணனை ஓசூருக்குக் கூட்டிவந்து எங்கள் வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்தார். அவர் தேறி எழுந்து ஊருக்குப் போனார். ஆனாலும் அந்தக் கோணிய வாய் எனக்கு மறக்கவில்லை. தான் பட்டினி கிடந்து, தகப்பன் இல்லாத தம்பியைத் தொழிற்கல்வி வரைக்கும் படிக்க வைத்த வாய் அது. அதில் கஞ்சி நிற்காமல் வழிந்ததை நான் துடைத்திருக்கிறேன். இவருக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்பதுதான் அன்றையிலிருந்து எனக்கு ஒரே கவலை.

அண்ணனைப் பார்த்த அதே டாக்டரிடம் போனோம். அண்ணனுக்கு எழுதிய அதே மாத்திரையை இவருக்கும் எழுதினார். தினம் ஒன்று, ஆயுசுக்கும் என்றார். மெடிக்கல் கடையில் விலையைக் கேட்டேன். ஆனை விலை குதிரை விலை. சானமாவுக் காட்டிலிருந்து இறங்கி வரும் ஆனையையாவது தள்ளி நின்று பார்க்கலாம். இந்த விலையைக் கிட்டத்திலும் பார்க்க முடியவில்லை, தூரத்திலும் பார்க்க முடியவில்லை. ஒருமுறை வாங்கினால் சரி. மாதாமாதம் ஆயுசுக்கும் என்றால் என்ன செய்வது?

இத்தனைக்கும் அந்த மருந்து எங்களுக்குச் சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. கம்பெனித் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்து நடத்துகிற மருந்தகம் ஒன்று உண்டு. அங்கே போய் வரிசையில் நின்றால் கொதிப்புக்கு மாத்திரை கொடுப்பார்கள். பளபளக்கும் அட்டை கிடையாது. வெள்ளை வெள்ளையாக உதிரி மாத்திரை, ஒரு காகித உறையில் போட்டு மேலே மருந்தின் பெயரைக் கிறுக்கித் தருவார்கள். இவர் தவறாமல் போய் வாங்குவார். நம் சம்பளத்தில் பிடித்ததை நாம் ஏன் விடவேண்டும் என்பது அவர் நியாயம். வாங்கி வந்து அலமாரி மேல்தட்டில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொட்டி மூடி வைத்துவிடுவார். முழுங்கமாட்டார். முழுங்குவது கடையில் காசு கொடுத்து வாங்கும் அட்டை மாத்திரையைத்தான். பேர் இல்லாத மாத்திரையை உடம்புக்குள் விடுவதாவது! அவர் மட்டுமில்லை. எங்கள் தெருவில் கம்பெனிக்குப் போகிற எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பாட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பொடித்து ரோஜாச் செடிக்குப் போட்டுப் பார்த்ததாகக்கூடச் சொன்னார். ரோஜாவுக்குக் கொதிப்பு இறங்கியதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையில், எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் வாங்கினால் வரி குறைவு, மாத்திரை மலிவு என்று கம்பெனியில் யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி அத்திப்பள்ளிக்குப் போனோம். அந்தக் கடைக்காரர் கன்னடத்தில் சொன்ன விலைக்கும் எங்கள் கடைக்காரர் தெலுங்கு கலந்து சொல்லும் விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போனது போனோம் என்று ஓட்டலில் தோசை தின்றோம்; சந்தையில் திராட்சை வாங்கினோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று திரும்பும் வழியெல்லாம் அவரைச் சீண்டிக்கொண்டே வந்தேன். திராட்சையில் பாதிக்கு அவர் பஸ்ஸிலேயே சிவப்பு அடித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு நாள் மத்தியானம் நின்றது. வேலை செய்துகொண்டிருந்தபோதே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் இருவர் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். டாக்டர் இவர் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார்; அவர் முகம் மாறியது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். ஒரு நாளும் விட்டதில்லை என்றார் இவர். காலைச் சாப்பாடு கம்பெனி கேன்டீனில் என்பதால் மாத்திரையும் அங்கேதான் போடுவார், நான் பார்த்ததில்லை. நம்பினேன்.

அந்த வாரமே உண்மை தெரிந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் ஊத்தங்கரைக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவார். அதற்காகப் பையில் வேட்டி எடுத்து வைக்கப் போனவள், அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பார்த்தேன். பிரித்தால் மாத்திரை அட்டைகள். கத்தரிக்கோலால் அளந்து நடுவில் வெட்டிய பாதி அட்டைகள். அதிலும் பிசிறு இல்லாத வெட்டு, இன்ஸ்பெக்டர் இல்லையா.

"இது யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்கு."

"அப்ப உங்களுக்கு?"

"ஒரு நாள் உட்டு ஒரு நாள் போட்டுக்கறேன். அண்ணனுக்கும் ஒரிஜினல் குடுக்கணுமில்ல?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வீடு இரண்டுபட்டிருக்கும். அண்ணனுக்கும் வேண்டும், இரண்டு பேருக்கு வாங்கக் கட்டாது, என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று தானே முடிவு செய்து, தன் உசிரைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டியிருக்கிறார். ஊருக்கே அளவு பார்க்கிற மனுஷன், அலமாரி மேலே மருந்து பாட்டில் நிறைய இருக்கும்போது! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை என்று கத்தினேன். அது வெண்ணெய் இல்லை, சுண்ணாம்பு என்றார் அவர்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் ஒரு வெட்டிய அட்டையையும் மருந்தகத்துக் காகித உறையையும் எடுத்துக்கொண்டு மெடிக்கல் கடைக்குப் போனேன். பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். அட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதற்கு அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் இன்னொரு பெயர். உறையில் கிறுக்கியிருந்ததும் அந்தச் சின்னப் பெயர்தான். இரண்டும் ஒன்றா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் அலமாரியிலிருந்து வேறு வேறு கம்பெனி அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றிலும் அதே சின்னப் பெயர். விலை மட்டும் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது.

"அன்னி ஒக்கடேம்மா. மருந்து ஒண்ணுதான், பேருக்குத்தான் காசு. டாக்டரு எந்தப் பேர எழுதறாரோ அதத்தான் கேட்டு வாங்கறாங்க, நான் இன்னா பண்ண?" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு சின்ன வழக்கு நடந்தது. அவர் கம்பெனியில் ஒரே வால்வு இரண்டு விதப் பெட்டியில் போகும். ஒரு பாதி பெரிய கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் ஷோரூமுக்கு. மீதி பழுப்புப் பெட்டியில் பெங்களூர் சந்தைக்கு. சாமான் வைக்க என்று அவர் கொண்டுவந்த காலிப்பெட்டிகள் இரண்டு விதமும் வீட்டில் கிடந்தன. இரண்டையும் அவர் முன்னால் வைத்து, இதில் எதில் இருக்கிற வால்வு உசத்தி என்று கேட்டேன். இரண்டும் ஒரே லாட்டு, ஒரே இரும்பு, பெட்டிக்குத்தான் விலை என்று சிரித்தார். நான் ஒரு பெட்டிக்குள் அட்டையையும் மற்றதற்குள் உதிரி மாத்திரையையும் போட்டேன். சிரிப்பு நின்றது.

மனுஷன் இரண்டு பெட்டியையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அந்த வால்வ ரெண்டையும் நான் கேஜ் வெச்சுப் பாத்திருக்கறேன். இந்த மாத்திரைய யார் பாத்தா?"

நியாயமான கேள்விதான். பேர் இல்லாததெல்லாம் மட்டம் என்றால் சண்டை போடலாம். யார் அளந்தார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? தோற்றவள் மாதிரி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். ஆனால் ஒன்று மட்டும் தீர்மானித்துவிட்டேன். இந்த ஞாயிறு நானும் ஊத்தங்கரைக்கு வருவேன். தம்பி அரை வயிற்று மருந்து சாப்பிடுவதை அண்ணனிடமே சொல்வேன். சொல்லாதே, அண்ணன் மனசு ஒடிந்துவிடும் என்று கிருஷ்ணகிரி வரைக்கும் பஸ்ஸில் கெஞ்சிக்கொண்டே வந்தார். கிருஷ்ணகிரியில் வண்டி மாறினோம். அதற்கப்புறம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போய் இறங்கினால், அண்ணன் இடது தோளில் தீவனக் கட்டோடு காட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். விழுந்த கை அது. முகத்தில் கோணல் தேடினால்தான் தெரியும். எங்களைப் பார்த்ததும் கட்டை இறக்கிவிட்டு, தம்பியை ஏற இறங்கப் பார்த்து, ஏன் இப்படி வெளுத்திருக்கிறான் என்று என்னைக் கேட்டார். அக்கா, அதாவது அவர் மனைவி, உடனே கோழி அடிக்கக் கிளம்பிவிட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். தலை சுற்றி உட்கார்ந்தது, டாக்டர் முகம் மாறியது, கத்தரிக்கோல், பாதி அட்டை எல்லாம். "உங்களுக்குக் குடுக்கறதுக்காக இவரு ஒரு நாள் உட்டு ஒரு நாள் போட்டுக்கினு இருக்கறாரு மாமா" என்றேன். இவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். மூடியைத் திறந்து எங்கள் முன்னால் வைத்தார். உள்ளே அடுக்கடுக்காகப் பாதி அட்டைகள். பிசிறில்லாத வெட்டு. ஒன்றில்கூட ஒரு மாத்திரை உடைக்கப்படவில்லை.

என் வீட்டுக்காரர், அப்படியானால் இத்தனை நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகித உறை ஒன்றை எடுத்துப் போட்டார். ஊத்தங்கரை அரசு ஆஸ்பத்திரி உறை. உள்ளே வெள்ளை வெள்ளையாக உதிரி மாத்திரை. மேலே அதே சின்னப் பெயர். தினம் காலையில் ஒன்று, விடாமல் போடுகிறாராம். மாதாமாதம் அங்கிருக்கும் டாக்டரம்மா கையில் பட்டை கட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறாராம்.

யார் அளந்தார்கள் என்று கேட்டாரே, அவருக்குப் பதில் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் அண்ணனின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் பழக்கம் போகாமல் டின்னுக்குள் கை விட்டு ஒவ்வொரு அட்டையாகத் தேதி பார்க்க ஆரம்பித்தார். அடியில் கிடந்தவற்றுக்குத் தேதி முடிந்திருந்தது. அக்காவும் நானும் சிரிப்பை அடக்கமுடியாமல் அடுக்களைப் பக்கம் போய்விட்டோம்.

திரும்பி வந்தபோது தம்பி அண்ணனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். முதலிலேயே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் இத்தனை நாள் பாதி மருந்தில் கிடந்திருக்கமாட்டேனே என்று கேட்டார். தம்பி பாதி போட்டுக்கொண்டு மீதியைக் கொடுக்கிறான் என்று தனக்குத் தெரியவே தெரியாது, கம்பெனியில் கொடுக்கிறார்கள் என்றே நினைத்ததாகச் சொன்னார் அண்ணன். பாதியாக வெட்டியிருப்பதே கம்பெனி வழக்கம் என்று எண்ணிக்கொண்டாராம்.

"சரி, அப்பவாச்சும் எனக்கு வேணாண்டான்னு சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் இவர் விடாமல்.

அண்ணன் டின்னை மூடினார். "வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் நீ மாசாமாசம் எதுக்குடா வரப்போற?"

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்ள மேல்துண்டைத் தேடினார். அது அவர் தோளிலேயே இருந்தது. அண்ணன் தன் உறையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து, சொம்புத் தண்ணீரோடு தம்பி கையில் கொடுத்து, "எம் முன்னால முழுங்கு" என்றார். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிற மனுஷன், அதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் டாக்டரிடம் நானே கூடப்போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரித்துவிட்டு, மருந்து ஒன்றுதான், மருந்தகத்தில் கொடுப்பதையே தினமும் போடுங்கள், மாதம் ஒருமுறை வந்து காட்டுங்கள், அளந்து சொல்கிறேன் என்றார். அளந்து சொல்கிறேன் என்ற வார்த்தையில் இவருக்குப் பரம திருப்தி. பாட்டிலில் கிடந்த பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கி வந்து, வீட்டிலேயே என் கண் முன்னால் போட ஆரம்பித்தார். இரண்டாம் மாதமே கொதிப்பு இறங்கிவிட்டது. உடனே ஆள் கட்சி மாறிவிட்டார். அட்டை மாத்திரை சும்மா பகட்டு, மருந்தகத்து மாத்திரைதான் அசல் சரக்கு என்று கம்பெனியில் எல்லோரிடமும் பிரசங்கம். தினமும் போட்டதால்தான் கொதிப்பு இறங்கியதே தவிர அட்டைமேல் ஒரு குற்றமும் இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். காதில் ஏறவில்லை. தெருவில் பல வீட்டுப் பாட்டில்கள் காலியானது அவர் புண்ணியத்தில்தான். பக்கத்து வீட்டு ரோஜாவுக்குத்தான் நஷ்டம்.

அடுத்த மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொடுக்க மாத்திரை இல்லை, இனி போவாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் குளித்துவிட்டு அதே பையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பை வெறும் பை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அண்ணன் பாத்துக்கினு இருப்பாரு."